வான்கோழி தீர்ந்துபோன புதன்கிழமை

நோர்டால், வடக்கு டகோட்டா
ஞாயிறு மதியம்

அன்பு மகள் மார்லிஸுக்கு,

நானும் அப்பாவும் சுகம், இங்கே பனி இன்னும் பிடிக்கவில்லை, அலாஸ்காவில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை. கை பரபரவென்று இருக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். நம் பக்கத்துப் பண்ணை வெண்டலுக்குச் சோளம் பறிக்கும் இயந்திரத்தில் வலது கை போனதை எழுதியிருந்தேனே, அவன் ஆஸ்பத்திரிச் செலவுக்காக நேற்று சனிக்கிழமை தேவாலயத்தில் விருந்து வைத்தோம். சீட்டெல்லாம் முன்பே விற்றாயிற்று, வான்கோழி என் பொறுப்பு. மளிகைக் கடை விளம்பரத்தாளில் முதல் பக்கத்திலேயே வான்கோழி பாதி விலை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான், நானும் புதன்கிழமை மத்தியானம் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு ராணி மாதிரி போய் இறங்கினேன். போனால் குளிர்பெட்டி துடைத்து வைத்தாற்போல் காலி! உன்னோடு படித்த டாரல்தான் இப்போது அங்கே மேலாளர். அடுத்த வாரம் சரக்கு வந்ததும் இதே விலைக்குத் தருகிறேன் என்று ஒரு சீட்டை எழுதி நீட்டுகிறான். எனக்கு வந்ததே கோபம், "சனிக்கிழமை விருந்துக்கு அடுத்த வாரம் வர்ற கோழியாடா? இந்தச் சீட்டையா வேகவெச்சுப் போடுவேன்? இல்லாத சரக்குக்கு விளம்பரம் போட்டு ஊரைக் கூட்டுறியே, வெட்கமா இல்ல?" என்று கத்திவிட்டேன். புளித்த பாலைக்கூடத் திருப்பிக் கொடுக்காத உன் அம்மா கத்தினாள் மார்லிஸ், கடையே நின்று பார்த்தது! அவன் காது சிவக்க, "மன்னிச்சிடுங்க ஆர்டிஸம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அங்கிருந்து நேரே தேவாலயத்துக்குப் போனேன், விருந்து நின்றால் வெண்டல் முகத்தில் எப்படி விழிப்பது என்று வழியெல்லாம் அதே யோசனை. கீழ்த்தள உறைபெட்டியைத் திறக்கப் போனால், மூடி மூடாமல் எகிறி நிற்கிறது, உள்ளே முழுக்க வான்கோழி! தேவாலயப் பெட்டியில் எதை வைத்தாலும் பெயர் ஒட்ட வேண்டும் என்பது சட்டமாயிற்றே, ஒவ்வொன்றின்மேலும் ஒட்டுத்தாளில் ஒரு வீட்டுப் பெயர். அங்கே மேசை துடைத்துக்கொண்டிருந்த பெர்னிஸைப் பிடித்து உலுக்கியதும்தான் விஷயம் வெளியே வந்தது. "உனக்குப் பத்தலைன்னா இருக்கட்டுமேன்னு ஒண்ணு வாங்கிப் போட்டேன் ஆர்டிஸ், அதைப் போய்ச் சொல்லிக்கிட்டா பெருமையடிக்கிற மாதிரி இருக்காதா" என்றாள். அவள் மட்டுமா, ஊரில் ஒருத்தி பாக்கியில்லை, எல்லோரும் யாருக்கும் தெரியாமல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், கடையைக் காலி செய்ததே நம் ஊர்க்காரர்கள்தான்! நம் ஊரில் கொடுத்ததை வெளியே சொல்வது திருட்டைவிடக் கேவலம் என்று உனக்குத் தெரியாதா என்ன. அடியில் கிடந்த ஆகப் பெரிய கோழியைத் திருப்பினால் டாரல் பெயர். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

நாலு பேர் முன்னால் திட்டினேன், நாலு பேர் முன்னால்தானே மன்னிப்பும் கேட்க வேண்டும், கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "வாங்கினவங்க எல்லாரும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, நான் என்ன பண்ண" என்கிறான் பிள்ளை. வாங்கிக் கட்டிக்கொண்டாலும் கட்டிக்கொள்வேன், சொன்ன வாக்கை விடமாட்டேன் என்று நின்றிருக்கிறான் பார்!

விருந்துக்கு உட்கார இடமில்லை, அவ்வளவு கூட்டம். வெண்டல் வந்தான், ஆனால் விபத்துக்குப் பிறகு அவன் வெளியாட்கள் முன் சாப்பிடுவதில்லை, தட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். டாரல் பக்கத்தில் போய் உட்கார்ந்தான், டிராக்டர் என்ஜினைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டே தன் தட்டுக் கறியைத் துண்டு துண்டாக நறுக்கினான், பேச்சை நிறுத்தாமலே இரண்டு தட்டையும் இடம் மாற்றி வைத்தான். கூடத்து ஜனம் முழுவதும் சொல்லிவைத்தாற்போல் வேறு பக்கம் பார்த்தது. வெண்டல் இடது கையால் முழுவதையும் சாப்பிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான் மார்லிஸ்! நான் சமையலறைக்குள் ஓடி அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பரிமாறினேன்.

உனக்கு நல்ல தூக்கமும் நல்ல துணையும் கிடைக்கக் கடவுள் அருளட்டும், கம்பளிக் காலுறையைக் கழற்றாதே. போன ஞாயிறு தொலைபேசியில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாய், குரல் அப்படி இல்லை. நீயும் இந்த ஊர்க்காரிதான், வாயைத் திறக்கமாட்டாய். என்னிடமாவது சொல்லடி.

உன் பதிலுக்காகத் தபால் பெட்டியையே பார்த்திருக்கும்,
அம்மா ஆர்டிஸ்