அந்த ஊரில் மழையா

அன்பு வாலுவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம், நீயும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன், ஆனால் பதில் போடாதே, காரணத்தைச் சொல்கிறேன். இதை வீட்டில் எழுதவில்லை, நம் மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கொண்டுவருபவள் அன்றைக்கு உன்னை ரயிலேற்றிவிட்ட நர்ஸ்தான். அவள் போனிலிருந்து எத்தனையோ தடவை கூப்பிட்டோம், தெரியாத நம்பரை நீ எடுப்பதில்லை, எடுக்காதே என்று உபதேசம் செய்ததும் நான்தானே.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. ஆனால் நீ உன் புருஷனிடமிருந்து தப்பிப் போனதிலிருந்து ஊர்ப்பேரை யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. நானும் விடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் கம்ப்யூட்டரில் உன் ஊரில் மழையா வெயிலா என்று பார்ப்பேன், பிறகு பஸ், வாடகை, பேத்தியின் பள்ளிக்கூட வாசல் எப்படியிருக்கும் என்று அதன் படம். பார்க்கப் பார்க்க அந்த ஊர்ச் சேதியெல்லாம் போனிலும் வந்து கொட்டியது, பாலம் மூடியது முதல் யாரோ நாயைத் தொலைத்தது வரை. படித்து மாளாது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம், உன் பக்கத்துத் தெருவில் குடியிருப்பது மாதிரி.

முந்தாநாள் உன் புருஷன் வந்தான். கதவைச் சாத்தினால் சந்தேகப்படுவானே என்று உள்ளே விட்டோம். ரொம்பப் பணிவு. கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதுன்னு எப்பவோ சொன்னீங்களே மாமா, பாத்துத் தரேன் என்று தானாகவே போய் உட்கார்ந்தான். தேடும் கட்டத்தில் அம்புக்குறியை வைத்ததுதான் தாமதம், ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை, நான் தேடியதெல்லாம் கீழே வரிசையாக இறங்கியது. ஊர், மழை, பள்ளிக்கூடம். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தான், வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும், அங்க இப்ப நல்ல மழை போல மாமா என்று சிரித்தான். கம்ப்யூட்டர் இப்போது வேகமாகத்தான் ஓடுகிறது. என் ஈமெயில் கணக்கை வேறொரு போனிலும் திறந்திருப்பதாக அன்றைக்கே எச்சரிக்கை வந்ததாம், நாய்ச் செய்தியோடு செய்தியாக அதையும் தள்ளிவிட்டிருக்கிறேன். இன்று காலை நம் கடையில் வேலை செய்யும் பெண்தான் கண்டுபிடித்துக் காட்டினாள், நான் எதைத் தேடினாலும் இனி அவனுக்கும் தெரியுமாம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் வாயைத் திறக்காமலே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். பயமாக இருக்கிறதம்மா. இதைப் படித்ததும் பேத்தியை நீயே போய்ப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொள். வீட்டுக்குத் திரும்பாதே, சாமான் போனால் போகிறது. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ, நர்ஸ் கூட வருவாள். அங்கிருந்து வேறு ஊருக்குப் போய்விடு.

நீயும் குழந்தையும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போகிற ஊர் எதுவென்று எனக்குச் சொல்லாதே, நான் அழுது கேட்டாலும் சொல்லாதே. தெரிந்தால் அங்கே மழையா என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

இப்படிக்கு,
உன் அப்பா