தெளிந்த ஓடையில் எழுந்த கரகம்

இன்று காலை கோயில் பின்புறத்துப் பீப்பாய்க்குள் கைவிட்டு ஒரு குழாய்த்துண்டை எடுத்தேன். மீன்மேல் இருக்கும் வழும்பு போலப் பழுப்பாக ஒன்று அதில் படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். மழை பெய்துவிட்ட ரப்பர்க்காட்டு மண் வாசனை. உன்னை நினைக்காமல் அந்தத் துண்டைத் திரும்பப் போட முடியவில்லை.

நம் ஓடை எப்படி இருந்ததென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லயத்து வீடுகளின் குளியல் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், அன்னதானப் பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரே லோங்காங் சாக்கடை வழியாகப் போய் அதில் விழும். பச்சையும் கறுப்புமாகப் பாசி மூடி, கிட்டப் போனால் குமட்டும். ஓடைக்கரையில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றிப் பாலிக்க வேண்டிய அம்மன் கரகத்தைச் சில ஆண்டுகளாகக் கோயில் பைப்படியிலேயே பாலித்துத் தூக்கினோம். எனக்கு மனம் ஆறவே இல்லை. கடைசியில் கோயில் தலைவர் முடிவாகச் சொல்லிவிட்டார்: “இந்தத் திருவிழாவுக்குள்ள ஓட நாத்தம் போகலன்னா பைப்படியிலயே சிமெண்டு மேட கட்டிருவோம். அப்பறம் யாரும் ஓடப் பேச்ச எடுக்கக் கூடாது.”

பள்ளியைச் சீக்கிரமே விட்ட நான் படித்ததெல்லாம் அடுப்படியில் நின்றுதான். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்ப் படலம் பற்றிக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அன்னதானக் கணக்கு எழுதுகிறவள் என்பதால், கோயிலிலிருந்து எவ்வளவு கழுநீர் போகிறதென்றும் எனக்குத் தெரியும். லோங்காங் ஓடையில் விழுமுன் கோயில் பின்புறத்தில் தண்ணீரைத் திருப்பி, கொழுப்பும் சோறும் அடியில் தங்க ஒரு பீப்பாய். அடுத்ததில் வெட்டிய குழாய்த்துண்டுகளும் மீன்தொட்டிக்குப் போடும் காற்றுப் பம்பும். உதிர்ந்துவரும் வழும்பு படியக் கடைசியில் இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் துண்டுகளில் ஒட்டிப் படலமாக வளரும், தண்ணீரில் போகிற அழுக்கையும் பாசிக்குத் தீனியாகும் சத்தையும் பிடித்துத் தின்னும் என்று உன்னிடம் சொன்னேன்.

“ஏண்டி, சாமி ஓடைக்குப் பக்கத்துல சளி வளர்க்கப் போறியா?” என்று கேட்டுவிட்டு, மறுநாளே பழைய குழாய்களைச் சாக்கில் இழுத்துக்கொண்டு வந்தவள் நீ. வழும்பு படிந்து நாற்றம் குறையக் குறைய, என் வாசலில் வந்து நிற்பாய். “உன் சளிப் பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?”

பிறகுதான் கோத்தோங் ரோயோங் வந்தது. திருவிழாவுக்கு முன்னால் எல்லாரும் கூடிக் கோயிலைக் கழுவும் நாள். நான் சாமான் வாங்க வெளியே போய்த் திரும்பினால், குழாய்த்துண்டுகள் அத்தனையும் பாயில் வடகம் போலக் காய்கின்றன. கிருமி கொல்லும் வெளுப்புத் தண்ணீர் வாடை மூக்கில் ஏறியது. பக்கத்தில் நீ, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு.

“பாத்தியா, பல்லு மாதிரி எப்படிப் பளிச்சின்னு இருக்கு! அம்மன் வேலைக்கு அழுக்கா வைக்கலாமா?”

“அடிப்பாவி, வேல செய்யிற பிள்ளைங்கள எல்லாம் கொன்னுட்டியேடி!”

உன் முகம் வெளிறிப்போயிற்று. யாரோ சிரித்தார்கள். “சிமெண்டுக்குச் சொல்லிறவா?” என்றார் தலைவர். நீ அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“உதுந்ததெல்லாம் கடைசித் தோங்லதானே கெடக்கும்? அத நான் தொடல லா. பாக்கவே கொமட்டிச்சு.”

உன் அருவருப்பு நம்மைக் காப்பாற்றியது. அந்தக் கடைசிப் பீப்பாயின் அடியில் கிடந்த வழும்பு உயிரோடிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நீயே அதை அள்ளி நடுப் பீப்பாயில் ஊற்றினாய். வெளுப்பு வாடை போகும்வரை அலசிய துண்டுகளை நான் உள்ளே போட்டேன். திருவிழாவுக்கு இன்னும் சில வாரம் இருந்தது அம்மன் புண்ணியம். அன்றிலிருந்து கையில் கரண்டியோடு நீதான் காவல். “பிள்ளைங்களுக்கு இப்பத்தான் ஒடம்பு தேறுது. குண்டான நல்லா வழிச்சிட்டுக் கழுவுங்க. எவளாச்சும் பிரஷ்ஷத் தூக்கிக்கிட்டு வந்தீங்க, கைய ஒடிச்சிருவேன்!”

திருவிழாக் காலையில் தலைவர் ஓடையில் இறங்கினார். ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தார். நம்பாமல் இன்னொரு கை அள்ளினார். நீ என் மணிக்கட்டை நசுக்கிக்கொண்டிருந்தாய்.

“என்ன நிக்கிறீங்க? உடுக்கய அடிங்க லா!” என்று கத்தினார் தலைவர்.

வேப்பிலையும் பூவும் சுற்றிய கரகம் ஓடையிலிருந்தே தலையேறியது. மஞ்சள் பூசிய உன் கால்விரல்கள் தண்ணீருக்குள் தெளிவாகத் தெரிந்தன. நீ போட்ட குலவையில் எதிர்க்கரைச் செம்பனையிலிருந்து கொக்குகள் கலைந்து பறந்தன.

அந்தச் சிமெண்டு மேடை இன்றுவரை கட்டப்படவில்லை. நீ இல்லாத இந்த ஆண்டும் ஓடைக்கரையில்தான் பாலித்தோம். சி ரூசா ஊர்ப் பக்கத்துக் கோயில்காரர்கள் வந்து, தங்கள் லோங்காங்குக்கும் இப்படிச் செய்ய வேண்டுமென்று பீப்பாய்களைப் படம் பிடித்துப் போனார்கள். கரகம் எழுந்த நொடியில் எல்லாரும் குலவைக்காக நீ நிற்கும் இடத்தைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை.

தேவாரத்தைக்கூட முணுமுணுப்பாகப் பாடுகிறவள் நான். நாக்கைச் சுழற்றி வாயைத் திறந்தேன். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. பிறகு வந்தது பாரடி, அது என் குரலே இல்லை. கரகம் கோயில் வாசலை அடையும்வரை நான் நிறுத்தவில்லை.