வீட்டில் காய்ந்த ஒரே அறை

வெள்ளவத்தை
02.06.2024

அன்புள்ள றோசிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வருகிறது, கடிதமே நமக்கு நல்லது என்று நீ சொன்னது சரிதான். நான் சுகம். நீயும் நம் மகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

அங்கே மழை தொடங்கிவிட்டதாம். எனக்குப் படங்களை நினைத்துத்தான் பயம். நம் மலைநாட்டு ஓவியர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி இத்தனை வருஷமாகச் சேர்த்தவை. ஒன்றில் பூஞ்சணம் பிடித்தால் எல்லாவற்றுக்கும் பரவிவிடும். ஈரத் துணியால் துடைக்காதே. ஓதம் ஏறுகிற சுவரில் மாட்டாதே. வீட்டில் எந்த அறை நன்றாகக் காய்ந்திருக்கிறதோ அங்கே கொண்டுபோய் வை. நான் இந்தக் கலைக்கூட வேலைக்கு வந்து நாலு வருஷமாகியும் அவற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை என்றால் அது உன் கைராசிதான்.

அன்புடன்,
றோலண்ட்

*

ஆசிரியர் குவாட்டர்ஸ், கொட்டகலை
16.06.2024

டிலுக்ஷி அப்பாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் நலம். வானத்துக்குத்தான் நலமில்லை, ஒரு வாரமாக மூக்கைச் சிந்திக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி படங்களை இடம் மாற்றிவிட்டேன். இந்தக் குவாட்டர்ஸில் காய்ந்த அறை என்று இருப்பது ஒன்றே ஒன்று, அடுப்படியோடு ஒட்டிய என் படுக்கை அறை. கவ்வாத்தில் வெட்டிய தேயிலை விறகு எரிகிற சூட்டில் பள்ளிக்கூடச் சேலைகூட அங்கேதான் காய்கிறது. தோட்டத்து லயத்திலிருந்து வீரய்யா அண்ணன் வந்து ஆணி அடித்துத் தந்தார். கட்டிலை முன்னறைக்கு இழுக்கச் சொன்னதும், "அங்க தகரம் ஒழுகுதுங்களே டீச்சர், எப்புடிப் படுப்பீங்க?" என்றார். "படம் நனைஞ்சிறக் கூடாதுண்ணே" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நுவரெலியாப் பந்தயப் படத்தில் குதிரைகளெல்லாம் மாடு மாதிரியே இருக்கின்றன. அதையும் சலிக்காமல் துடைத்தேன். காய்ந்த துணியால்தான், பயப்படாதீர்கள்.

எனக்கு இருமல் விடமாட்டேன் என்கிறது. டிலுக்ஷி வேலை செய்கிற ஹோட்டலில் லீவு போட்டுவிட்டு மருந்தோடு வந்தாள். உங்களைப் பற்றி யாராவது விசாரித்தால், "படங்க எல்லாம் இங்கதானே இருக்கு, வராம எங்க போவாங்க" என்கிறேன். வாய்தான் சொல்கிறது, மனசு அடித்துக்கொள்கிறது. கிறிஸ்மசுக்காவது வருவீர்களா?

அன்புடன்,
றோசலின்

*

வெள்ளவத்தை
28.07.2024

அன்புள்ள றோசிக்கு,

டிலுக்ஷி அனுப்பிய போட்டோக்களைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளை மேகமெல்லாம் பழுப்பு! ஒரு படத்தில் கொட்டகலை ஸ்டேசனே எரிந்துபோனது போல இருக்கிறது. புகை, றோசி, புகை! காய்ந்த அறை என்றுதானே எழுதினேன், அடுப்புப் பக்கம் என்று எழுதினேனா? இங்கே படங்களைச் சுத்தம் செய்கிற சுதர்ஷினியிடம் காட்டினேன். பூஞ்சணம் இல்லையாம். ஆனால் புகைக்கறையை எடுக்க மாதக்கணக்கில் ஆகுமாம். இரண்டு படங்களில் சூட்டில் சாயம் வெடித்திருக்கிறது, அவை பழையபடி வராது என்கிறாள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். கலைக்கூடத்துக்கு மேல் மாடியில் வீடு கிடைத்திருக்கிறது. ஓர் அறையில் ஏசி உண்டு, படங்களுக்கு அது போதும். அடுத்த மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை லொறி அனுப்புகிறேன். நீயும் வா. இவற்றைக் கருத்தாகப் பார்த்துக்கொள்ள உன்னைவிட்டால் எனக்கு ஆள் கிடையாது. இனிமேல் எப்படிப் பார்ப்பது என்று சுதர்ஷினி உனக்குச் சொல்லித் தருவாள். இடமாற்றத்துக்கு இப்போதே எழுதிப் போடு.

அன்புடன்,
றோலண்ட்

*

கொட்டகலை
04.08.2024

டிலுக்ஷி அப்பாவுக்கு,

புகை விஷயத்தில் பிழை என்னுடையதுதான். மழைக்காலத்தில் எதையும் அடுப்புப் பக்கம் கொண்டுபோய் வைத்தே வளர்ந்தவள் நான். புத்தகம், சப்பாத்து, குளிப்பாட்டிய பிள்ளை, எல்லாம் அங்கேதான். ஓவியத்துக்கு அது ஆகாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெடித்துப்போன இரண்டு படங்களுக்காக உண்மையாகவே வருந்துகிறேன்.

படங்களைத் துணி சுற்றிக் கட்டிவிட்டேன். லொறியில் ஏற்ற வீரய்யா அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் வருகிறார்கள். ஒன்றுகூட இடிபடாமல் அனுப்பிவைப்பேன். நான் வரவில்லை. அந்த அறையில் இனி நான் படுத்துக்கொள்வேன்.

உங்கள் கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏம்மா, இருமல் எப்புடின்னு அப்பா கேக்கவே இல்லீங்களா?" என்றாள். அவளுக்காக மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். இல்லை.

படங்களை விட்டுப் போனவர் என்னை விட்டுப் போகவில்லை என்று நினைத்திருந்தேன். தூசு துடைக்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் வீட்டில் இருப்பது போல ஒரு தைரியம் வரும். அதற்காகத்தான் துடைத்தேன். ஓவியத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

உங்கள் மேல் கோபமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கடைச் சாப்பாட்டைக் குறையுங்கள். ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நீயும் வா" என்ற இடத்தில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்திருந்தால், லொறிக்குக்கூடக் காத்திருக்க மாட்டேன், மறுநாள் காலை ரயிலிலேயே வந்திருப்பேன். நீங்கள் அதற்கு அடுத்த வரியையும் எழுதிவிட்டீர்கள்.

றோசலின்