அரசர் எழுதச் சொன்ன அழைப்பு

லண்டன்,
மிக்கேல் திருநாளுக்கு அடுத்த வெள்ளி.

அன்பு மகள் மார்ஜரிக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் உன் அம்மாவும் சுகம். ஆன்ட்வெர்ப்பில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். குழந்தைக்கு இருமல் விடவில்லை என்று எழுதியிருந்தாய், ஆற்றுக் காற்று படாமல் பார்த்துக்கொள், தேனை வெதுவெதுப்பாக்கிக் கொடு. அம்மா உனக்கென்று பேரிக்காய்ப் பாகு காய்ச்சி வைத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தோடு அனுப்பலாமா என்று கேட்டால், "நீங்க எழுதற கடுதாசியோட என் கை பட்டது எதுவும் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதமாக அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. காரணம் ஊர் வாய் வழியாக உனக்கு வந்திருக்கும், ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது.

ஆம்புரோஸ் எனக்கு முப்பது வருட நண்பன், உனக்கு ஞானத்தகப்பன். அரசர் தொடங்கிய இந்தப் போர் வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தலை தப்பினால் போதுமென்று மனைவி மகனோடு கடல் தாண்டி ப்ரூஜ் நகருக்குப் போனான். அவனைத் திருப்பி அழைத்துவரத் தூதனாக என்னைத்தான் அனுப்பினார்கள். அவன் உயிருக்கு ஆபத்தில்லை என்று ஓர் அபயப் பத்திரத்தை மந்திரி என் கையில் கொடுத்தார். அதில் மந்திரியின் முத்திரைதான் இருந்தது, அரசருடையது இல்லை. ஏன் என்று கேட்டேன். "அரசர் வேட்டைக்குப் போயிருக்கார், வந்ததும் வச்சுக்கலாம். நீர் என்ன, நேத்துதான் அரண்மனைக்கு வந்தவரா?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உடன்படிக்கையில் ஒரு சொல் பிசகினாலும் பிடித்துவிடுவான் என்று நாலு தேசத்தில் பேர் வாங்கியவன் நான்.

ப்ரூஜில் ஆம்புரோஸ் அந்தப் பத்திரத்தைப் பிரிக்கக்கூட இல்லை. "காகிதத்தை அந்தாண்ட வைடா. நீ சொல்லு, நான் வரலாமா?" என்றான். "வாடா, நான் இருக்கேன்ல" என்றேன். மனைவியும் கூடவே கிளம்பினாள், மகன் மட்டும் அக்கரையிலேயே தங்கிவிட்டான். கப்பலில் ஆம்புரோஸ் என் தோளில் சாய்ந்து தூங்கினான். டோவர் துறையில் இறங்கியதும் காவலர்கள் அவன் கையைப் பிடித்தார்கள். அவன் என்னைத் திட்டவில்லை, "உனக்கு முன்னமே தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டான். "தெரியாது" என்றேன். விசாரணை ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. தலையை வெட்டிய அன்று வயிற்று வலி என்று சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

அவனுடைய ஹார்விக் மாளிகையை அரசர் எனக்குக் கொடுத்தார். மண்டியிட்டு அவர் கையை முத்தமிட்டு வாங்கிக்கொண்டேன். ஆம்புரோஸின் மனைவி செசிலி துணிமணிகளை எடுத்துப்போக வந்தாள். அழுவாள், சபிப்பாள் என்று நினைத்து வாசலிலேயே தலை குனிந்து நின்றேன். "அவர் கடைசி வரைக்கும் உங்களைத் தப்பா பேசல. அவனுக்குத் தெரியாதாம், பாவம்னு சொல்லிட்டுத்தான் போனார். நான்தான் நம்பல" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் சபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் மகன் கில்பர்ட் உன் தெருவில்தான் குடியிருக்கிறான், ஞாயிறுதோறும் உன் வீட்டில் சாப்பிடுகிறான் என்று நீயே எழுதியிருந்தாய். அது இங்கே எப்படியோ தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை அரசர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பையன் வந்து அப்பன் சொத்துல ஒரு பங்கு கேட்டு வாங்கிக்கட்டும். உம்ம கையெழுத்துன்னா அந்தக் குடும்பம் நம்புமே" என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மகளே. வந்தது "உத்தரவு" என்ற சொல். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே எழுதினேன், படித்தால் யாருக்கும் கண் கலங்கும். பத்து நாளில் அரச தூதன் அதைக் கொண்டுவருவான், அதில் என் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். கம்பளி வியாபாரி மனைவி கையில் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உனக்கு வந்துவிட வேண்டும். கில்பர்ட் கப்பலேறக் கூடாது. என் அப்பா எழுதுவதை நம்பாதே என்று அவனிடம் சொல். சொல்ல நாக்கூசினால் இதையே படிக்கக் கொடு. படித்த பிறகு அவன் உன் வாசலை மிதிக்காமல் போகலாம். என் பொருட்டு அதையும் நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தையை உன் அம்மா பேரைச் சொல்லி முத்தமிடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும். தகப்பன் என்ற முறையில் ஆசீர்வாதமும் எழுதுகிறேன், எடுத்துக்கொள்வதும் தள்ளிவிடுவதும் உன் மனசு. இந்தக் கடிதத்தை எரித்துவிடு. என் மானத்துக்குப் பயந்து அவசரப்பட்டுவிடாதே, கில்பர்ட் கடைசி வரி வரை படித்த பிறகு எரி.

உன் அப்பா,
ஹம்ஃப்ரி