படிவத்தின் ஒன்பதாம் கேள்வி

6-ஆம் தேதி, புதன்கிழமை

மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஸ்டியரிங்கில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்த பிறகு உன்னை நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நாங்களும் இங்கே அப்படியொன்றும் நலமாக இல்லை.

போனை நீ எடுப்பதில்லை. உன் கூட்டாளிதான் அக்காவைக் கூப்பிட்டு, நீ துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவனுடைய அறையில் தங்கியிருப்பதாகவும், நெற்றியில் நான்கு தையல் போட்டிருப்பதாகவும் சொன்னான். நான்கோடு போயிற்றே என்று அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழ நேரம் இல்லை. வண்டியைக் கட்டி இழுத்து வந்தவன் கூலிக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

வண்டியின் நிலைமையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். சரக்குக் கிட்டங்கி வளைவில் இருக்கும் விளக்குக் கம்பத்தில் மோதி, மூக்கு சாக்கடைக்குள் இறங்கி நின்றிருக்கிறது. ரேடியேட்டர் இரண்டாகப் பிளந்துவிட்டது. எஞ்சின் ஒரு சாண் பின்னால் வந்திருக்கிறது. கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறினால் மிதிப்பதற்காக என் பக்கம் தனியாகப் போட்டிருந்த பிரேக்கும் கிளட்ச்சும் வளைந்து, ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். அவன் மூடிய விதமே எனக்குப் போதுமாக இருந்தது.

பதினொரு வருஷமாக நம் வீட்டில் உலை கொதித்தது அந்த ஒரு வண்டியால்தான். பலகையில் 'டிரைவிங் ஸ்கூல்' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தாலும், ஸ்கூல் என்பது அந்த வண்டியும் நானும்தான். இப்போது பதினான்கு பேர் பாதிப் பயிற்சியில் நிற்கிறார்கள். வளைவில் திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் வங்கிக்கார அம்மா, போன வாரம்தான் ஒரு கண்ணைத் திறந்து வைக்கப் பழகியிருந்தார். அவரும் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். அங்கே பேசிய பெண், "நீங்க தெரிஞ்சு கொடுத்திருந்தா கிளைம் கிடைக்காது சார், பாலிசில டிரைவர்னு உங்க பேர் மட்டும்தான் இருக்கு. உங்களுக்குத் தெரியாம எடுத்திருந்தா திருட்டுல வரும், கிடைக்கும். ஆனா வீட்டு ஆளா இருந்தாலும் பேரைப் போட்டு போலீஸ்ல புகார் கொடுத்திருக்கணும்" என்று சொன்னாள். படிவத்தில் ஒன்பதாவது கேள்வியே அதுதான்: வாகனம் உரிமையாளரின் அனுமதியுடன் எடுக்கப்பட்டதா? 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். அன்றைக்கே காவல் நிலையத்தில் உன் பெயரைப் போட்டுப் புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு வேறு வழி இல்லை.

கேட்காமல் எடுத்தாய், மச்சான். எங்கே போனாய், எதற்குப் போனாய் என்பதுகூட எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்க்கிறேன், கொக்கியில் சாவி இல்லை, வாசலில் வண்டி இல்லை.

கம்பெனியிலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ உன்னைத் தேடி வருவார்கள். சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் சொல்லிவிடு: "அத்தானிடம் கேட்கவில்லை, அவர் கொடுக்கவும் இல்லை, நானாகத்தான் எடுத்தேன்." இதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. பணம் வந்ததும் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அக்காவை நினைத்தாவது இதைச் செய்.

தையலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அத்தான்



25-ஆம் தேதி, திங்கட்கிழமை

என் அன்பு மச்சானுக்கு,

உன் பெயரைப் போட்டு உன்னைத் திருடன் என்று எழுதிக் கொடுத்தவன் இரண்டாவது முறையாக எழுதுகிறேன். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளை மறுநாள் உன் கைக்கு வந்துவிடும். வாசலில் நின்றபடியே பிரித்துப் படிக்காதே. எங்காவது உட்கார்ந்து முழுதும் படி. பாதியில் கோபம் வந்தால் கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வந்து மீதியைப் படி.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனியின் ஆய்வாளர் வந்தார். அவர் வருவது இது இரண்டாவது தடவை. முதல் வாரமே ஒருமுறை வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, சாவி தொங்கும் கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றுகூட அளந்துகொண்டு போனார். அன்றைக்கு உன் அக்காவிடமும் கேட்டார், தம்பி உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு எடுத்தாரா என்று. அவள் தலையை நிமிர்த்தாமல், "அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தம்பியைப் பற்றிய வேதனையில் அப்படிச் சொல்கிறாள் என்று நானே அவருக்கு விளக்கமும் கொடுத்தேன்.

இந்தத் தடவை கோப்போடு வந்திருந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பாயோரத்தில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். உன் கையெழுத்து. சாய்ந்து சாய்ந்து எழுதுவாயே, அதே எழுத்து. "அத்தானிடம் கேட்கவில்லை, அவர் கொடுக்கவும் இல்லை, நானாகத்தான் எடுத்தேன்." கீழே தேதி, ஒப்பம். காவல் நிலையத்திலும் இதையேதான் கொடுத்திருக்கிறாய் என்றார். நான் எழுதிய வரியை எழுத்துக்கு எழுத்து, காற்புள்ளி உட்பட, அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாய்.

ஆய்வாளருக்கு என்ன தெரியும்? "ரெண்டு பேர் சொல்றதும் அச்சா ஒத்துப்போகுது சார். இப்படி சுத்தமான கேஸ் எங்களுக்கு அபூர்வம். இங்க ஒரு கையெழுத்து போடுங்க, அடுத்த வாரம் பணம் வந்துடும்" என்று பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். நான் பேனாவை வாங்கினேன். மறைக்காமல் எழுதுகிறேன், வாங்கினேன். அப்போதுதான் அவர் சும்மா பேச்சுவாக்கில், "பையனை நினைச்சாதான் பாவமா இருக்கு. கப்பல் சமையலறை வேலைக்கு மெடிக்கல் எல்லாம் பாஸ் பண்ணிட்டானாம். இந்தப் புகார் இருக்கறதால போலீஸ்ல நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்க மாட்டாங்க. முப்பதாம் தேதிக்குள்ள அதைக் கொடுக்கலைன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடுமாம்" என்றார்.

கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் தெரியாத செய்தி இல்லையே அது. அந்த மெடிக்கலுக்காகத்தான் நீ வண்டியே கேட்டாய்.

கேட்டாய், மச்சான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மணி ஐந்தரை இருக்கும். நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, என் பக்கத்து பிரேக்கின் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தேன். கழற்றிய இரண்டு திருகாணிகளைத் தொலைந்துவிடுமே என்று பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். உன் முகம் தெரியவில்லை, கால்கள் மட்டும் தெரிந்தன. குனிந்து சொன்னாய்: "அத்தான், நாளைக்கு மத்தியானம் துறைமுகத்துல மெடிக்கல். வண்டிய எடுத்துக்கவா? உங்க நாலு மணி கிளாஸுக்குள்ள கொண்டு வந்து விட்டுடுறேன்." நான் "ம்" என்றேன்.

இந்த 'ம்'மை வைத்துக்கொண்டு பதினெட்டு நாள் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். வாயில் திருகாணி இருந்தால் மனிதன் வேறென்ன சொல்வான் என்றேன். நான் எதற்குத்தான் 'ம்' சொல்லவில்லை என்றேன். சாப்பாடு எப்படி என்று உன் அக்கா கேட்டாலும் 'ம்'தான், கியரை மாற்றலாமா என்று மாணவன் கேட்டாலும் 'ம்'தான், அதெல்லாம் ஒரு சொல்லா என்றேன். ஆனால் ஒன்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். வேண்டாம் என்பதற்கு நான் ஒருநாளும் 'ம்' சொன்னதில்லை. கொடுக்க மனம் இல்லாவிட்டால் திருகாணியைத் துப்பிவிட்டு வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவனா நான்? கொடுக்கலாம் என்று நினைத்துத்தான் சொன்னேன். உனக்கு வேலை கிடைத்தால் நல்லது என்றும் நினைத்தேன். நீ நன்றாக ஓட்டுவாய் என்பதும் எனக்குத் தெரியும், கற்றுக்கொடுத்தவன் நான்தானே. நாலு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று பறந்துகொண்டு வந்திருக்கிறாய். அதுவும் என் வகுப்புக்காக.

பிறகு ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்பாய். பயந்துவிட்டேன். நொறுங்கிய வண்டியைப் பார்த்ததும், ஐம்பத்து மூன்று வயதில் இனி யாரிடம் போய் வேலை கேட்பது என்ற ஒரே நினைப்புதான். அந்தப் பெண் போனில் இரண்டு வழி சொன்னாள். பணம் கிடைக்கும் வழியைப் பிடித்துக்கொண்டேன். உன்னை அந்த வழியில் பலகையாகப் போட்டு மிதித்து நடந்தேன். போதாதென்று, என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கே பாடம் எழுதி அனுப்பினேன். அதைப் படித்தபோது, நீ கேட்டதும் நான் கொடுத்ததும் நினைவிருக்கிற உன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

பேனாவை மூடி ஆய்வாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவன் கேட்டுத்தான் எடுத்தான், நான்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். அவர் "யோசிச்சுச் சொல்லுங்க சார், நான் எதுவும் காதுல வாங்கல" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். எழுதிக் கொடுத்துவிட்டேன். கிளைம் முடிந்துபோயிற்று. பொய்யாக விண்ணப்பித்ததற்குக் கம்பெனி நடவடிக்கை எடுத்தாலும் எடுக்குமாம். எடுக்கட்டும்.

அவர் போனதும் உன் அக்காவிடம் சொல்லப் போனேன். அவள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "அன்னிக்கு நான் பக்கத்துலதான் துணி உலர்த்திட்டு இருந்தேன். அவன் கேட்டதும் கேட்டுச்சு, நீங்க சொன்னதும் கேட்டுச்சு" என்றாள். பிறகு ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். பதினெட்டு நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே பார்த்திருக்கிறாள். அவள் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன்.

சனிக்கிழமை காவல் நிலையத்துக்குப் போனேன். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதி நீட்டினேன். அங்கிருந்த அதிகாரி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி திட்டினார், அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் அவர் சொன்ன இன்னொன்றுதான் தலையில் இடி போல விழுந்தது. "நீங்க சொன்னா மட்டும் போதாது. எடுத்தவனே நான்தான் கேட்காம எடுத்தேன்னு ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்திருக்கான். சொந்தக்காரங்க காப்பாத்தப் பாக்கறது எங்களுக்குப் புதுசா? அவன் வந்து மாத்திச் சொன்னாத்தான் புகாரை மூட முடியும்" என்றார். நான் உன் வாயில் திணித்த வரி இப்போது உன் கழுத்தைப் பிடித்திருக்கிறது. அதை நான் எடுக்க முடியாது, நீதான் எடுக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கிளம்பி நேராகக் காவல் நிலையத்துக்குப் போ. அத்தானிடம் கேட்டேன், அவர் கொடுத்தார் என்று எழுதிக் கொடு. முன்னால் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பார்கள். அத்தான்தான் அப்படி எழுதச் சொன்னார் என்று சொல். என் ஆறாம் தேதிக் கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் அவர்களிடம் கொடு. இரண்டும் என் கையெழுத்து, மறுக்க முடியாது. எனக்கு என்ன ஆகும் என்று நீ யோசிக்காதே. இவ்வளவு நாள் யோசித்தது போதும்.

உனக்கு இதற்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். அக்கா வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்று நினைப்பாய். அடுப்பு எரிகிறது. இன்று காலையிலிருந்து பெரிய சாலை டிரைவிங் ஸ்கூலில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டேன். முதலாளிக்கு உன் வயதுதான் இருக்கும். சட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள், வயிற்றுப் பக்கம் பொத்தான் சேரவில்லை. வங்கிக்கார அம்மா அங்கேதான் சேர்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் இரண்டு கண்ணையும் திறந்துவிட்டார். அக்கா என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். அது என் பாடு, நீ அதில் தலையிடாதே.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. சான்றிதழை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கப்பலில் ஏறு. கடலில் உன் வயிறு கெடாமல் இருக்கட்டும், நல்ல மனிதர்கள் கூட இருக்கட்டும், எந்த ஊரில் இறங்கினாலும் உன் பெயரை நிமிர்ந்து சொல்லும்படி இரு.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். கப்பல் கிளம்பும் நாளில் அக்கா வழியனுப்ப வருவாள். அவளோடு நானும் வரலாமா? வரலாம் என்றால் ஒரு வரி எழுதிவிடு, வேண்டாம் என்றால் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். பதில் எழுதப் பிடிக்காவிட்டால் எழுதவே வேண்டாம். நீ பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன்
அத்தான்