மூன்று தரையும் ஒரு நிலைவாசலும்

நெற்றியில் ஒரு வீக்கம் ஆறுவதற்குள் இன்னொன்று வாங்கிக்கொள்ளும் என் ஆசை அப்பாவுக்கு,

நீ போய் ஒன்பது மாசம் ஆகிறது. வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். நமக்குள் வேறு என்ன இருந்தது? படிப்பைப் பற்றி நீ ஆரம்பித்தால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். வீட்டைப் பற்றி நான் ஆரம்பித்தால் நீ டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாய். இப்போது உன்னால் சத்தத்தைக் கூட்ட முடியாது. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கூட இருந்து படிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொடுத்துக்கொண்டிருந்த நீ, மாடம்பாக்கத்தில் லோன் போட்டுக் கட்டிய வீடு இது. கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வரவேண்டும். அதன் பிறகு ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போடவேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அதன் தலையிலேயே புது ரோடு. அது தேய்ந்ததும் அதன் தலையில் இன்னொன்று. ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு படி காணாமல் போனது. மூன்றும் போனபின் வீடே பள்ளத்துக்குப் போனது. நம் தெரு மொத்தமும் வாசலில் நின்று, ரோடு வழுவழுவென்று இருக்கிறது என்று சந்தோஷப்பட்டது. நீயும்தான். கான்ட்ராக்டருக்கு மோர் கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா?

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது முதல் தடவையாகத் தண்ணீர் உள்ளே வந்தது. டாய்லெட் வழியாக வந்தது. நீ என்ன செய்தாய்? ரோட்டைக் கேள்வி கேட்கவில்லை. ஹாலில் மண்ணைக் கொட்டி, தரையை ஒன்றரை அடி ஏற்றினாய். சிவப்பு சிமெண்ட் தரைமேல் மொசைக். நான் பிளஸ் டூ படிக்கும்போது மறுபடியும் தண்ணீர். மொசைக்மேல் அரை அடி ஏற்றி டைல்ஸ். தரை ஏறியதே தவிர கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. சட்டை மாட்டினால் கை ஃபேனில் இடித்தது. சமையல் மேடை அம்மாவின் தொடை உயரத்துக்கு வந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தெருநாய் நம் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனது.

எல்லாவற்றையும் மாற்றினாய். ஃபேன் ராடை அறுத்தாய். ஆசாரியைக் கூட்டிவந்து கதவின் அடியை ரம்பம் போட்டு அறுத்தாய். நிலைவாசலில் மட்டும் கை வைக்கவில்லை. நல்ல நேரம் பார்த்து, அடியில் காசு போட்டு, பூஜை செய்து நிறுத்திய நிலை. அதைப் பெயர்த்தால் குடும்பம் ஆடிப்போகும் என்றாய். ஏழடி வாசல் ஐந்தடி ஆனது. குடும்பமே குனிந்துகொண்டு போய்வந்தது. கேட்டால் ஒரு பதில் வைத்திருந்தாய்.

"கொஞ்சம் குனிஞ்சு போனா இன்னாடா? கிரீடமா வுழுந்துடப் போவுது?"

நீயே தினமும் இடித்துக்கொண்டாய். அதற்கும் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாய். பழைய சைக்கிள் டியூபை நிலையின் மேல்கட்டையில் சுற்றி ஆணி அடித்தாய். அது அசிங்கமாக இருக்கிறது என்று அம்மா பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் வாங்கிக் கட்டி மறைத்தாள். நம் வீட்டின் மொத்தப் பராமரிப்பும் அவ்வளவுதான் அப்பா. வீக்கத்துக்கு டியூப், டியூபுக்குத் தோரணம்.

நான் சிவில் இன்ஜினியரிங் இரண்டாவது வருஷம் படிக்கும்போது, தரையை ஏற்றுவது தப்பு, இதற்கு வேறு வழி இருக்கும் என்று சொன்னேன். நீ பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "மொதல்ல அரியர க்ளியர் பண்ணு. அப்பால வூட்ட பாக்கலாம்" என்றாய். நான் இரண்டையும் செய்யவில்லை. மூன்றாவது வருஷம் காலேஜையே விட்டேன். சோறு டெலிவரி பண்ணும் பையை மாட்டிக்கொண்டு நான் முதல் நாள் வெளியே போனபோது, நீ உள்ளே வந்துகொண்டிருந்தாய். வாசலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். வெளியே இருந்து பார்த்தவர்கள் மரியாதை என்று நினைத்திருப்பார்கள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதை நிறுத்தினாய்.

பங்குனியில் ஒரு நாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். அடுத்து நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஹாலிலிருந்து உன்னை வெளியே தூக்கி வந்தோம். நாலு பேரும் குனிய வேண்டியிருந்தது. தலைப்பக்கம் பிடித்திருந்த சித்தப்பா உயரம், மறந்துவிட்டார். நிலையில் நெற்றி இடித்து, கை நழுவி, உன் தலை பின்னால் தொங்கிப்போனது. நான் கீழே கை கொடுத்துத் தாங்கினேன். உன்னைத் தொட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. செத்த பிறகும் உன்னை நேராக வெளியே அனுப்ப முடியாத வாசலுக்கு எதற்கு அப்பா அத்தனை பூஜை?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு சித்தப்பா ஒரு பில்டரின் ஆளைக் கூட்டிவந்தார். அவன் உள்ளேயே வரவில்லை. வெளியே நின்று டேப்பை இழுத்து மனையை மட்டும் அளந்தான். வீட்டை எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டேன்.

"வூட்ல பாக்க இன்னா கீது தம்பி? மண்ணுக்குத்தான் துட்டு. இடிக்கிற செலவ நாங்க கழிச்சுக்குவோம்."

நீ இருபது வருஷம் தவணை கட்டிய வீடு, அவன் கணக்கில் அள்ளிப்போட வேண்டிய குப்பை. எனக்கு அவன்மேல் வந்த கோபத்தைவிட, அவன் சொன்னது பாதி உண்மை என்பதில்தான் எரிச்சல்.

விற்றால் வரும் பணத்தில் எங்கே போவது என்று பார்க்க, அம்மாவை வண்டியில் வைத்து மேடவாக்கம் கூட்டிப்போனேன். ஒரு அடுக்குமாடி. பெயரில் ஏரி. விளம்பரப் படத்தில் ஏரி. கட்டியிருந்த இடமும் ஒரு காலத்தில் ஏரிதான், அதை மட்டும் சொல்லவில்லை. நம் மனையின் விலைக்கு அங்கே கிடைப்பது ஒரு பெட்ரூம், ஹாலின் ஓரத்தில் ஒரு அடுப்பு. லிஃப்ட்டுக்கும் மாடிப்படிக்கும் சேர்த்துச் சதுர அடிக் கணக்கு. தண்ணீர் லாரியில் வரும், அதற்கு மாசாமாசம் தனி. இதை வாங்கவும் அங்கே ஒரு கூட்டம். என் வயசுதான் இருக்கும், கழுத்தில் ஐடி கார்டு, முப்பது வருஷத்துக்குச் சம்பளத்தை எழுதிக் கொடுக்கப் பேனா தேடிக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்துத்தான் என்னைத் திருந்தச் சொன்னாயா?

அம்மா அந்தச் சேல்ஸ் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், துணி எங்கே காயப்போடுவது என்று. "வெளிய தெரியற மாதிரி போடக் கூடாது ஆன்ட்டி. அசோசியேஷன் ரூல்" என்றது அந்தப் பெண். திரும்பி வரும்போது வண்டியின் பின்னாலிருந்து அம்மா சொன்னாள்:

"அங்க தல இடிக்கலடா. மூச்சுதான் முட்டுது."

விற்கப்போவதில்லை என்று அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது. ஆனால் ஐப்பசி மழை வந்தால் அம்மா மறுபடியும் தண்ணீரில் நிற்பாள். அதற்குள் ஏதாவது செய்யவேண்டும்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் பிரியாணி கொடுக்கப் போனபோது அதைப் பார்த்தேன். ஒரு மாடி வீடு, அடியில் வரிசையாக நூறுக்கு மேல் ஜாக்கி. லாரிக்கு டயர் மாற்றும்போது வைப்பார்களே, அதே ஜாக்கி. மொத்த வீடும் தரையைவிட்டு மேலே நின்றது. மாடியில் ஒரு அம்மா குக்கர் வைத்திருந்தாள், விசில் கேட்டது. பிரியாணி ஆறிப்போகும்வரை வாயைப் பிளந்து நின்றேன். அந்த வேலைக்கு மேஸ்திரி துரை அண்ணன்.

"இன்னாபா, வூட்ட பாத்ததே இல்லியா?"

நம் கதையைச் சொன்னேன். இரண்டு தடவை தரை ஏற்றியது, நிலையைத் தொடக்கூடாது என்றது, டியூப், தோரணம், எல்லாம். அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"நிலைய ஏன்பா தொடணும்? வூடு ஏறுனா நிலையும் கூடவே ஏறும். நடுவுல நீங்க கொட்டி வச்சுக்கிற தரைய பேத்து எடுத்தா, வாசல் பழைய ஒசரத்துக்கு வந்துகினு போவுது."

அவ்வளவுதான் அப்பா. நீ பயந்த எதுவும் நடந்திருக்க வேண்டாம். நிலையை அசைக்காமலேயே வீட்டைத் தூக்கியிருக்கலாம். பதிமூன்று வருஷம் வீங்கிய நெற்றியோடு திரிந்தாயே, ஒரே ஒரு ஆளிடம் கேட்டிருக்கக் கூடாதா? சரி, என்னையும் சொல்லவேண்டும். வேறு வழி இருக்கும் என்று உன்னிடம் வாய் கிழியப் பேசிய நான், அது என்ன வழி என்று தேடிப்போனேனா? அரியர் வாங்கிய முட்டாள் ஒருத்தன், வாங்காத முட்டாள் ஒருத்தன். இரண்டு பேரும் ஒரே வாசலில்தான் குனிந்தோம்.

செலவுக்கு உன் பி.எஃப். பணத்தை அம்மா எடுத்தாள். போதாததற்கு, ஆறு வீடு தூக்கும் வேலையைக் கூலி வாங்காமல் செய்து தருகிறேன் என்று துரை அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். டெலிவரிப் பையைத் தூக்கிப் போட்டேன்.

சித்தப்பா குதித்தார். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கட்டட வேலை ஆகாது, அண்ணன் ஆத்மா அலையும் என்றார். அப்படியானால் விற்கலாமா என்று அம்மா கேட்டாள். விற்பது வேறு என்றார். அம்மா காபி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் பாதிதான் குடித்திருந்தார்.

ஆவணியில் தரையை உடைத்தோம். மேலே டைல்ஸ், அடியில் மண், அதற்கடியில் மொசைக், மறுபடியும் மண். கடைசியில் சிவப்புத் தரை. அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை முந்தானையால் துடைத்தாள். அப்படியே பளபளவென்று இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒடைங்கப்பா" என்று எழுந்துபோனாள். சுவருக்கு அடியில் பள்ளம் எடுத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, ஜாக்கி வைத்தோம். துரை அண்ணன் விசில் ஊதினால் எல்லாரும் ஒரே நேரத்தில் கால் சுற்று திருக வேண்டும். ஒருத்தன் அதிகமாகத் திருகினால் சுவர் பிளந்துவிடும். என்னை நிலைவாசலுக்கு அடியில் இருந்த ஜாக்கியில் நிறுத்தினார்.

"உங்க அப்பா நிலை. நீயே பாத்துக்க. ஒரு கோடு வுழுந்தாலும் உன்னத்தான் கேப்பேன்."

தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. எவ்வளவு ஆகும், விழுந்துவிடாதா, ஜாதகம் பார்த்தீர்களா? பத்து வருஷமாகச் சாக்கடையில் நின்று பல் விளக்கும் கூட்டம், மேலே போகிற வீட்டைப் பார்த்து உச்சுக்கொட்டியது. நான் விசில் ஊதும்போது மட்டும் திருகினேன். பதினொரு நாள். நாலடி. நிலையில் ஒரு கோடுகூட விழவில்லை. அடியில் சுவர் எழுப்பி, மண் நிரப்பி, நிலையின் பழைய அடிமட்டத்தில் புதுத் தரை போட்டு, வெளியே படி கட்டினோம்.

நீ அறுத்த கதவுதான் மானத்தை வாங்கியது. வாசல் ஏழடி, கதவு ஐந்தடி. அடியில் இரண்டடி சந்து. "அரை டவுசர் போட்டுகினு நிக்குதுபா உங்க கதவு" என்றார் துரை அண்ணன். ஆசாரி அடியில் ஒரு பலகை ஒட்டிக் கொடுத்தார். நிறம் சேரவில்லை. பூனை வருவது நின்றது, அது போதும்.

ஐப்பசியில் நல்ல மழை. தண்ணீர் நம் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. அம்மா டீ குடித்துக்கொண்டே பார்த்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நம் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டிய தண்ணீரும் சேர்ந்து எதிர்வீட்டு லூர்து அங்கிள் ஹாலுக்குப் போனது. அவர் பக்கெட்டால் மொண்டு ஊற்றிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்றார். கிண்டலா, நிஜமா என்று இன்னும் தெரியவில்லை. அன்றைக்கு இறங்கிப்போய் அவரோடு சேர்ந்து மொண்டேன். அதனால் என்ன ஆகிவிடப்போகிறது? அடுத்த ரோடு வந்தால் அவர் முழுசாக முழுகுவார், இப்படியே போனால் நாலைந்து ரோட்டில் நாமும் மறுபடியும் பள்ளம்.

அந்த அடுத்த ரோடு வரப்போகிறது. போன வாரம் சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கோடு போட்டவனிடம், சுரண்டுவீர்களா என்று கேட்டேன். மேலேயே போடச் சொல்லித்தான் ஆர்டர் என்றான். இந்தத் தடவை மோர் கிடையாது அப்பா. லூர்து அங்கிளிடம் பேசிவிட்டேன். தெருவில் இன்னும் ஏழு வீட்டில் பேசினேன், மூன்று வீட்டில் வருகிறேன் என்றார்கள், மற்றவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். பரவாயில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் ரோலர் தெருவுக்குள் நுழைந்தால் அதன் முன்னால் உட்காருவேன். தூக்கிப்போட்டால் திரும்ப வந்து உட்காருவேன். எதையும் முடிக்காதவன் என்றுதானே சொன்னாய்? இதை முடிக்கிறேன். இது உன் மேல் சத்தியம்.

கடைசியாக ஒன்று. வாசல் இப்போது ஏழடி. ஆனால் அம்மா இன்னும் குனிந்துதான் உள்ளே வருகிறாள். நானும் அப்படித்தான். நேற்று வந்த சித்தப்பா கேட்டிலிருந்தே குனிந்துகொண்டு வந்தார். அந்தச் சைக்கிள் டியூபைக் கழற்றினால் பழக்கம் போய்விடும் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். அம்மா விடவில்லை.

"இருக்கட்டும்டா. அது இப்ப யார் தலையில இடிக்குது?"

இருக்கிறது. யார் தலையும் எட்டாத உயரத்தில், நீ அடித்த ஆணியோடு.

இப்படிக்கு,
உன் நிலைக்கு அடியில் ஜாக்கி திருகிய உன் மகன்,
சதீஷ்