ராஜபாளையத்திலேயே இறங்கிவிட்டேன்

ஜூன் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. ஸ்டோர் ஜன்னலைச் சாத்தியும் மேஜை முழுக்கப் புழுதி. நூல் பெட்டி பதினாறு வந்தது, ஒன்று நசுங்கல். திருப்பி அனுப்ப வேண்டும்.

மத்தியானம் மேடம் எல்லோரையும் தறிக்கூடத்துக்குக் கூப்பிட்டார். பெரிய முதலாளியின் மருமகள். இப்போது ஆபீஸ் அவர் கையில். புதுசாகப் ‘பயணச் சலுகை’யாம். வருஷத்துக்கு ஆறு பேர். டிக்கெட், தங்கும் செலவு, சம்பளத்தோடு ஐந்து நாள் லீவு. நிபந்தனை:

- ரயில், பஸ் மட்டும். விமானம், கார் கிடையாது. (புகை, பூமி சூடாகிறது என்று விளக்கினார்.)
- தண்ணீர் பாட்டில் விலைக்கு வாங்கக் கூடாது. வீட்டிலிருந்து செம்போ பாட்டிலோ.
- நிஜமாகவே பார்க்க நினைத்த இடமாக இருக்க வேண்டும்.
- வந்ததும் எல்லோர் முன்னாலும் பத்து நிமிஷம் பேச வேண்டும்.

சர்வீஸ் வரிசைப்படி. முதல் பெயர் ஸ்டோர் சண்முகவேல். அதாவது நான். எல்லோரும் கை தட்டினார்கள். 

பெரிய முதலாளி நாற்காலியில் சாய்ந்தபடி: “எவம்லே போவான் இதுக்கெல்லாம்? மொதல் ஆளு போயிட்டு வரட்டும். அப்புறம் மத்தவங்களுக்குப் பாப்போம். இல்லன்னா பழையபடி தீவாளிக்கு ஆளுக்கொரு குக்கர்.”

நான் போகாவிட்டால் யாருக்கும் இல்லை. என் தலையில்தானா விடிய வேண்டும்.

ஜூன் 4, புதன்

தறிக்குத் தார் நூல் சுற்றும் பேச்சியம்மாள் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தாள். நூல் கேட்க என்று நினைத்தேன். வரிசையில் அவள் இரண்டாவது.

“அண்ணாச்சி, நீங்க எங்கன போகப் போறீய?”

“இன்னும் முடிவாகல.”

“ஹூப்ளி பக்கம் போங்களேன். எந்தங்கச்சியை அங்கனதான் குடுத்திருக்கு. முறுக்குக் கம்பெனி வச்சிருக்காவ. பதினோரு வருசமாச்சு பாத்து. போக வர காசு ஒரு பக்கம், லீவு போட்டா சம்பளம் போகுதே, அது ஒரு பக்கம். அவ புள்ள ரெண்டையும் நான் போன்லதான் பாத்திருக்கேன். நீங்க போயிட்டு வந்து வழி சொன்னா நான் சின்னவளைக் கூட்டிக்கிட்டு தைரியமாப் போயிருவேன்லா.”

மேடமும் சரி என்றுவிட்டார். கர்நாடகத்தில் அந்தப் பக்கம் ஒரு நெசவு ஊர் இருக்கிறதாம், “அவங்க எப்படி நெய்றாங்கன்னு பாத்துட்டு வாங்கண்ணே.” 15ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டாயிற்று. நான் வாயைத் திறக்கும் முன்பே.

ஜூன் 7, சனி

இதை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.

ஆறு வருஷம் முன்பு. சென்னையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் பஸ். சுகர்காரன் எத்தனை நேரம் அடக்குவான்? டிரைவரிடம் இரண்டு தடவை கேட்டேன், “அடுத்த ஸ்டாப்பு” என்றார். அடுத்த ஸ்டாப்பு வரவில்லை. சீட்டிலேயே ஆகிவிட்டது. பக்கத்தில் காலேஜ் பெண் ஒருத்தி. முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சங்கரன்கோவில் வரை வேட்டி ஈரத்தோடு, பையை மடியில் வைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்கும் போகவில்லை. மகள் வீட்டுக்கும் இல்லை. ‘முழங்கால் வலி’, ‘ஸ்டாக் எடுக்கணும்’. பேரனுக்கு மூன்று வயது. இன்னும் தூக்கவில்லை. கருமி, தலைக்கனம் பிடித்தவன் என்று சொந்தத்தில் பேசுகிறார்கள். பேசட்டும். உண்மை தெரிவதற்கு அது எவ்வளவோ தேவலை.

ரயிலில் கக்கூஸ் உண்டு, தெரியும். உள்ளே ஆள் இருந்தால்? கூட்டத்தில் வழி விடாவிட்டால்? இறங்கிய ஊரில் பாஷை தெரியாமல் யாரிடம் கேட்பது? நினைக்கும்போதே முட்டிக்கொண்டு வருகிறது. சத்தியமாக.

ஜூன் 10, செவ்வாய்

சிவகிரியில் சொர்ணம் அக்காவுக்குப் போன் செய்தேன். அக்காவிடம் மட்டும் சொல்ல முடியும்.

“நாலு நாள் உன் வீட்டுல இருந்துக்கிடுதேன். யாருட்டயும் மூச்சு விடாத.”

“ஏலே சம்முவம், கூறு இருக்கா உனக்கு? அம்பத்தாறு வயசுல ஒளிஞ்சு விளையாடுதியா?”

திட்டினாள். பிறகு, வந்து தொலை என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள்! சால்வை. மேடம் பூங்கொத்து. பேச்சி ஒரு தூக்குவாளியில் புளியோதரை கட்டிக்கொண்டு வந்து, “எந்தங்கச்சி சாடையில யாரையாச்சும் பாத்தீயன்னா நல்லா இருக்கேன்னு சொல்லுங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

ரயில் நகர்ந்ததும் கை காட்டினேன். ராஜபாளையத்திலேயே இறங்கிவிட்டேன். சால்வையைப் பைக்குள் திணித்து, சிவகிரி பஸ். பஸ்ஸில் தெரிந்த தலை ஏதும் இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தேன்.  அந்தப் புளியோதரையை அக்காதான் தின்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டுக்குள்ளேயே. மலைப்பக்கம் மேகம், லேசான சாரல். வாசலில் பைக் சத்தம் கேட்டால் பின்கட்டுக்குப் போகிறேன்.

பகல் முழுக்க யூடியூப். யாரோ ஒரு பையன் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்தே ஹூப்ளி போயிருக்கிறான். நடுவில் ஒரு பெரிய ஸ்டேஷனில் ரயில் மாறுகிறான். குறிப்பு எடுத்துக்கொண்டேன்: எங்கே படிக்கட்டு, எங்கே டீக்கடை. நெசவு ஊர் வீடியோ தனியாக இரண்டு.

சாயங்காலம் மகள் போன். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“எப்பா, ஹூப்ளி போயிருக்கியளாமே.”

“ஆமா, கம்பெனில…”

“எங்க வீட்டுக்கு வர முழங்கால் வலிக்கும். ஹூப்ளிக்கு வலிக்கலியோ?”

வைத்துவிட்டாள்.  அழுதேன். அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

திரும்பியாயிற்று. ஊருக்குள் கால் வைத்ததும் மூன்று பேர், “என்ன அண்ணாச்சி, ஹூப்ளி எப்படி?” “குளிர்” என்றேன். அங்கே குளிரா, யார் கண்டது.

கம்பெனி கொடுத்த செலவுக் கவரைத் தொடவில்லை. பீரோவில் துணிக்கடியில்.

ஜூன் 23, திங்கள்

பேசினேன். பத்து நிமிஷத்துக்குப் பதினெட்டு. தறி, கரை, சாயம், ரயிலில் சந்தித்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வரை. (அவரை நான் நேற்று படைத்தேன்.) நன்றாகத்தான் போயிற்று. முடிந்ததென்று உட்காரப் போகும்போது பேச்சி எழுந்தாள். கையில் மகளின் பள்ளிக்கூட நோட்டு, பென்சில்.

“மாறுத ஸ்டேசன்ல எத்தனாவது பிளாட்பாரம் அண்ணாச்சி?”

“ஒண்ணு. எறங்கின இடத்திலேயே நின்னா போதும்.”

“பொம்பளைங்க உக்கார தனி ரூம் உண்டா?”

“இருக்கு.”

“விடியலுக்கு முன்னாலல்லா வண்டி போய்ச் சேருது. வெளிச்சம் இருக்குமா? புள்ளையைக் கக்கூசுக்குக் கூட்டிப் போகணும்னா?”

“எல்லாம் இருக்கு, பயப்படாத.”

நான் சொல்லச் சொல்ல எழுத்துக்கூட்டி எழுதினாள். பெரிய முதலாளியே, “பரவால்லியே, சம்முவம் போயிட்டு வந்துட்டானே, மத்தவங்களையும் அனுப்புங்க” என்றார். பேச்சிக்கு ஜூலை 19 டிக்கெட். அவளும் ஒன்பது வயசு மகளும். ஆண் துணை இல்லை.

ஜூன் 25, புதன்

 அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். எப்போது எடுத்தது என்று போடவேயில்லை. அந்த ரூம் திறந்திருக்குமா? பிளாட்ஃபாரம் அன்றைக்கு ஒன்று, இன்றைக்கும் ஒன்றா? எனக்கு என்ன தெரியும்!

என் பயம் மானத்தைப் பற்றியது. இது அப்படியில்லை. பாஷை தெரியாத ஊரில், இருட்டில், ஒரு பெண்ணும் குழந்தையும் என் வாயை நம்பி நிற்கப் போகிறார்கள். இன்று மேடம் “அண்ணே” என்று கூப்பிட்டபோது கையிலிருந்த ரிஜிஸ்டர் விழுந்துவிட்டது.

ஜூன் 28, சனி

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரம், ஸ்டோரில் பேச்சியும் நானும் மட்டும். ராஜபாளையம், சிவகிரி, யூடியூப். ஏன் என்று கேட்டாள். பஸ் விஷயத்தையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே.

சாப்பாட்டுத் தூக்கை மூடி ஓரமாக வைத்தாள். பிறகு:

“எம் மகளையும் கூட்டிக்கிட்டு நீரு சொன்ன எடத்துல போயி நின்னுருப்பேனேவே!”

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அண்ணாச்சி போய் ‘நீரு’ ஆனது. வேண்டும் எனக்கு.

“தண்ணி குடிக்காம பஸ்ஸு ஏறுதது உமக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சீரோ? பொம்பளையாப் பொறந்த அம்புட்டுப் பேருக்கும் தெரியும். நாங்க என்ன ஊருக்குப் போகாமயா இருக்கோம்? வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சா என்ன?”

“மேடத்துட்டச் சொல்லிருதேன். வேலை போனாலும்…”

“அதை எப்பச் சொல்லணுமோ நீரே சொல்லும். இப்பச் சொன்னா பெரியவரு மொத்தத்தையும் நிப்பாட்டிருவாரு. பதினோரு வருசம் வே.” கண் கலங்கிவிட்டது அவளுக்கு. முந்தானையால் துடைத்துக்கொண்டு நோட்டை என் மேஜையில் வைத்தாள். “இந்தா இருக்கு நீரு சொன்னது பூரா. நான் போகுததுக்கு முன்னால நீரு ஒருக்கப் போயி, ஒண்ணொண்ணா சரியான்னு பாத்துட்டு வாரும். இல்லன்னா நான் டிக்கெட்ட கிழிச்சிருதேன்.”

ஜூலை 4, வெள்ளி

சொந்த லீவு, சொந்தக் காசு. நாளை. எடுத்து வைத்தவை: வேட்டி 3, மாத்திரை, தண்ணீர் பாட்டில், பேச்சியின் நோட்டு. பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு பாக்கெட், திருநெல்வேலி போய் வாங்கினேன், இங்கே வாங்கினால் ஊருக்கே தெரியும். மேடத்துக்குக் கடிதம் எழுதிச் செலவுக் கவரோடு வைத்தாயிற்று, திரும்பி வந்ததும் கொடுக்க வேண்டும். பேச்சி போய் வந்த பிறகு கொடுக்கலாமே என்று மனசு நழுவப் பார்க்கிறது.

இன்றைக்கு எழுத்தே கோணல்.

ஜூலை 5, சனி

ராஜபாளையம் வந்தது. கால் தானாக எழுந்தது. சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில் கிளம்பிவிட்டது.

மதுரை தாண்டும்போது ராத்திரி. கக்கூஸுக்கு ஒன்பது தடவை போயாயிற்று. ஒரு தடவைகூட யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வாசலில் பை போட்டு உட்கார்ந்தவர்கள் காலை மடக்கி வழி விடுகிறார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

மாறும் ஸ்டேஷன். விடியவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவது:

1. பெண்கள் ரூம்: உண்டு. ஆனால் நான் சொன்ன பக்கம் இல்லை, மேம்பாலம் தாண்டி. 42 படி.

2. கக்கூஸ்: வெளிச்சம் உண்டு. பொறுப்பாக ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், தமிழ் புரிகிறது.

3. பிளாட்ஃபாரம் ஒன்று: ஹூப்ளி வண்டி இங்கே வராது. எத்தனாவதிலும் வராது. அது கிளம்புவது இதே ஊரில் வேறு ஸ்டேஷன், டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். டிக்கெட்டில் இங்கிலீஷில் தெளிவாகப் போட்டிருக்கிறது. என்னுடைய பழைய டிக்கெட்டிலும் இருந்திருக்கும். நான் பார்க்கவே இல்லை.

 எதிரே ஒரு பெண் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டு நிற்கிறாள்.

காலை 7.10. இரண்டாவது ஸ்டேஷன். டவுன் பஸ்ஸில், பாதி வழியில், சிக்னலில் நிற்கும்போது ஆகிவிட்டது. கொஞ்சம். டயப்பர் இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் சில்லறை கொடுத்தார்.

பேச்சிக்குப் போன் போட்டேன்.

“நெசமாவே அங்கனதான் இருக்கீயளா அண்ணாச்சி?”

போனைத் தூக்கிப் பிடித்தேன். மேலே ஒலிபெருக்கியில் கன்னடம்.

“சரி, நம்புதேன். ஹூப்ளி வண்டி எத்தனாவது பிளாட்பாரம்? எழுதிக்கிடுதேன், சொல்லுங்க.”

“இரு பேச்சி, பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றேன்.